மயக்கவியலா, நரம்பறிவியலா?

நனவை ஆராய விரும்பும் மகள், மயக்கவியலை (அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவத் துறை) விட்டு நரம்பறிவியலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். நனவு எப்படி மறைகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை ஆராய மயக்கவியலே நேர்வழி. இன்டர்னாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கும் உங்கள் மகள், அதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனை விட்டு வெளிநாட்டுக்குப் போய் நரம்பறிவியலில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

எமெரி பிரவுனைப் பாருங்கள். 1987இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம், 1988இல் அங்கேயே புள்ளியியலில் முனைவர் பட்டம். மயக்க மருத்துவராகவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியராகவும் இருந்துகொண்டே, ஒவ்வொரு மருந்தும் மூளை அலைகளில் விடும் தடத்தைப் பிரித்துக் காட்டியவர். பொது மயக்கம் தூக்கமல்ல, மீட்கக்கூடிய கோமா என்பது அவர் வாதம்.

"ஊசி போட்டுத் தூங்க வைக்கும் வேலைதானே" என்று உறவினர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும். (சொந்தக்காரர்களின் ஆலோசனைக்கு உங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பஞ்சமில்லை போலும்!)

ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அறுவை அரங்கில் மூளை அலைக் கருவி இருந்தால், மயக்கத்தின் ஆழம் காட்டும் எண்ணை விட்டுவிட்டு மூல அலையைக் கவனிக்கட்டும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறியதும் நெற்றிப் பக்கம் வினாடிக்கு 8 முதல் 12 வரை துடிக்கும் ஆல்ஃபா அலையும், கூடவே மெதுவான பெரிய அலையும் தெரியும். கெட்டமின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்தால் வேகமான அலைகள் எழும். நோயாளி நன்றாக மயங்கியிருக்கும்போதே அந்த எண், மயக்கம் குறைவதுபோல், ஏறவும் கூடும். 'ஏன்?' என்ற கேள்வி உங்கள் மகளை வீடுவரை துரத்தினால் துறை சரி.

ஆனால் இந்த அலைகளை ஆராயக் கணக்கு வேண்டும்; அது வேப்பங்காய் என்றால் யோசிக்கட்டும். மேலும், 2 ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் 1 ஆண்டு சமூகச் சேவையும் முடித்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரார் (சிறப்புத் துறைப் பயிற்சி மருத்துவர்) இடம். அதற்கும் போட்டி உண்டு. புள்ளியியலை இப்போதே தொடங்கலாம்.