கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டே வீரர்களின் கணக்கை நாமே எழுத முடியுமா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டம் நேரலையில் ஓடும்போதே ஒவ்வொரு வீரரின் புள்ளிவிவரத்தையும் குறித்து அலசிப் பார்க்க ஆசை. எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

முடியும். பல வருடங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நோட்டு, பென்சில், ரப்பர் போதும். ஆனால் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவும் பாஸ்) இந்த மூன்றையும் எழுத உட்காராதீர்கள். அதெல்லாம் ஆப்பில் உடனுக்குடன் வந்து விழுகிறது. கோர்ட் ஓரத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நடப்பதை வாயால் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் கணினியில் தட்டுவார். அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. அவர்கள் எழுதாமல் விடுவதைத்தான் நாம் எழுத வேண்டும்.

எனக்கு இது உறைத்தது 2016 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில். கிளீவ்லண்ட் கவாலியர்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். நமக்கு அது ஜூன் 20, திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. ஒரு கையில் காபி, மறு கையில் பென்சில். கடைசி நிமிடத்தில் 89-89. இன்னும் 53 வினாடி இருக்கும்போது கிளீவ்லண்டின் கைரி இர்விங் ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டார், 92-89. அடுத்து பந்து வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரியிடம். எதிரே வந்து மாட்டியவர் கெவின் லவ். நல்ல உயரம், ஆனால் கால் வேகம் குறைவு. கர்ரிக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்றுதான் நினைத்தேன். கர்ரி இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார், பின்னால் போய்த் திரும்பி வந்தார். லவ் ஒட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் எறிந்த ஷாட் விழவில்லை. ஆட்டம் 93-89 என்று கிளீவ்லண்ட் பக்கம் முடிந்தது.

இப்போது பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வொரு வீரரின் கணக்கும் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். கர்ரி, மூன்று புள்ளி ஷாட், தவறியது. அவ்வளவுதான். லவ் வரிசையில் 9 புள்ளி, 14 ரீபவுண்ட் இருக்கிறது, அந்தப் பத்துப் பன்னிரண்டு வினாடி எங்கேயும் இல்லை. அதன் சாயல் தெரிவது ஒரே ஒரு எண்ணில்: +19. அவர் கோர்ட்டில் இருந்த நேரத்தில் கிளீவ்லண்ட் எதிரணியைவிட 19 புள்ளி அதிகமாக எடுத்திருந்தது. அதே ஆட்டத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 15 ஷாட்டில் 11 போட்டு 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். காகிதத்தில் அவர்தான் ராஜா. தோற்றது அவருடைய அணி.

அதனால் என் நோட்டில் முதல் வேலை இந்த பிளஸ்-மைனஸ்தான். ஆள் மாறும்போதெல்லாம் உள்ளே போனவர், வெளியே வந்தவர், அப்போதைய ஸ்கோர், இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுவேன். குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பங்கு) முடிந்ததும் கழித்துப் பார்த்தால் எண் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அது ஐந்து பேரும் சேர்ந்து சம்பாதித்த எண். கிளீவ்லண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் பக்கத்தில் நின்றாலே சிலருக்கு அது ஏறும். ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அப்புறம் ஷாட். எத்தனை புள்ளி என்பதைவிட எத்தனை எறிந்து அத்தனை எடுத்தார் என்பது முக்கியம். மூன்று புள்ளி ஷாட் விழுந்தால் அதை ஒன்றரை ஷாட்டாக எண்ணுங்கள். அன்றைக்கு கர்ரி 19 எறிந்து 6 போட்டார், அதில் 4 மூன்று புள்ளி. 6-உடன் 2 சேர்த்து 8, அதை 19-ஆல் வகுத்தால் 42 சதவீதம். லெப்ரான் 24-க்கு 9, அதில் ஒன்றுதான் மூன்று புள்ளி. 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காக யாரும் மறிக்காமல் எறியும் ஷாட்) 8 சேர்த்து 27 புள்ளி, கூடவே 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட்.

பந்து ஒரு அணியிடம் எத்தனை முறை வந்துபோனது என்பதையும் கணக்குப் போடலாம். எறிந்த ஷாட்டோடு டர்ன்ஓவரை (ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) கூட்டி, தன் பக்கத்து ஷாட் தவறி தானே பிடித்த ரீபவுண்டைக் கழித்து, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். பாதி என்று வைக்காமல் ஏன் 0.44? ஃப்ரீ த்ரோ எப்போதும் ஜோடியாக வருவதில்லை. ஷாட்டும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் கூடுதலாக ஒன்று, டெக்னிக்கல் ஃபவுலுக்கு (உடல் மோதல் இல்லாத விதிமீறல்) ஒன்று என்று தனியாகவும் வரும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பில் ரஸல் ஒருவர் போதும். 11 முறை சாம்பியன், பிளாக் செய்வதையே, அதாவது எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவதையே கலையாக்கிய மனிதர். அவர் மொத்தம் எத்தனை பிளாக் செய்தார் என்று லீக்கின் கணக்கில் இல்லை. பிளாக்கையும் ஸ்டீலையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான், அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து. எண்ணிக்கையின் மேல் வெறி பிடித்தவர்களும் உண்டு. 2003-இல் ரிக்கி டேவிஸ் என்ற வீரர் டிரிபிள்-டபுளுக்கு (மூன்று கணக்குகளில் பத்து அல்லது அதற்கு மேல்) ஒரு ரீபவுண்ட் குறைகிறதென்று, ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி நொடிகளில் தன் அணி காக்க வேண்டிய கூடையிலேயே பந்தை எறிந்து, வேண்டுமென்று தவறவிட்டுப் பிடித்தார். அந்த ரீபவுண்ட் கணக்கில் ஏறவில்லை.

இப்போது கேமராவே நிறையச் செய்துவிடுகிறது. 2013-14 முதல் எல்லா அரங்கிலும் கூரையில் கேமரா. 2016 டிசம்பரில் கிளே தாம்ஸன் இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். பந்தைத் தரையில் தட்டியது மொத்தமே 11 தடவை, கையில் வைத்திருந்தது சுமார் 90 வினாடி. என் பென்சிலால் இதை ஒருநாளும் எழுதியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் யார் யாரை மறித்தார், யார் கை நீட்டி ஷாட்டைக் கெடுத்தார், யார் விரல் பட்டு பாஸ் திசை மாறியது, இதையெல்லாம் எழுதினால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும். முதல் நாளே பத்துப் பேரையும் எழுதப் போகாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். புள்ளி அதிகம் எடுக்காத, ஆனால் பயிற்சியாளர் நான்காவது குவார்ட்டரில் வெளியே எடுக்காத ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவர் மேல் இருக்கட்டும். கூடை விழுவதை ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம்.