1965க்கு முந்தைய ஃபெண்டர் பேஸ் கிட்டார்களின் விலைக்கு ஒலிதான் காரணமா?

பழைய ஃபெண்டர் பேஸ் கிட்டார்களுக்குக் கொடுக்கப்படும் பெருந்தொகை அவற்றின் ஒலிக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலி ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. அக்கருவி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதன் உறுப்புகள் மாற்றப்படாமல் இருக்கின்றனவா என்பவையே விலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியதால், அதற்கு முன் நிறுவனர் லியோ ஃபெண்டரின் காலத்தில் உருவானவற்றைச் சேகரிப்பாளர்கள் தனி வகையாகவே மதிக்கிறார்கள். மேற்பூச்சை ஒருவர் எவ்வளவு நேர்த்தியாகப் புதுப்பித்தாலும் விலை பெருமளவு சரிந்துவிடும். ஒலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

ஒலி வேறுபாட்டுக்கு உறுதியான காரணங்களும் உண்டு. 1970களில் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் என்ற மாடலில், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பின்புற பிக்கப், தந்திகளை உடற்பகுதியில் தாங்கும் பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்த்தப்பட்டது. தந்தியின் அதிர்வு அவ்விடத்தில் குறுகலாக இருப்பதால் அடித்தொனி குறைந்து, கூர்மையான மேல்தொனிகள் எடுப்பாகக் கேட்கின்றன.

ஆனால் மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த, ஃபெண்டரின் மற்றொரு மாடலான 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸின் தடித்த, உருண்டையான தொனியைப் பலர் பழைய மரத்தின் குணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வாசித்தபோது அது சில ஆண்டுகளே ஆன கருவி. பெரும்பாலும் மாற்றாமலே வைத்திருந்த வழவழப்பான பிளாட்வவுண்ட் தந்திகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் அதிர்வை அடக்கிய நுரைப்பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டிய அவருடைய கை ஆகியவையே அந்த ஒலியைத் தந்தன. அத்தொனியை விரும்பினால், நல்ல புதிய பிரிசிஷன் பேஸில் முதலில் பிளாட்வவுண்ட் தந்திகளைப் பூட்டி வாசித்துப் பாருங்கள்.