சோப்புக் காய்ச்ச ஆறு வாரம்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரிகளின் வரலாறுகளை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே படித்து வருகிறேன். சிங்கம் பாய்ந்தது, காய்ச்சல் வந்தது, இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எல்லாம் இருக்கிறது. அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள், துணியை எதைப் போட்டுத் துவைத்தார்கள் என்பது மட்டும் இல்லை. இதையெல்லாம் கேட்பது அற்பமாகத் தோன்றலாம். இந்த வேலைகள் ஊழியத்துக்கு இடைஞ்சலாகத்தானே இருந்திருக்கும்?

எம்.

அன்புள்ள எம்.,

அற்பமே இல்லை. மிஷன் வரலாற்றில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். ஆப்பிரிக்கா முழுவதையும் சேர்த்துப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்திலுள்ள குருமான். மற்றது அதற்கு வடக்கே, போட்ஸ்வானாவில் இருக்கிற கொலொபெங். இரண்டும் ட்ஸ்வானா மக்கள் நடுவே லண்டன் மிஷனரி சங்கத்தார் நடத்திய நிலையங்கள்.

துணி துவைப்பதிலிருந்தே தொடங்கலாம். கொலொபெங்கில் 1847 முதல் சில ஆண்டுகள் மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனும் அவர் மனைவி மேரியும் குடியிருந்தார்கள். அங்கே சோப்பு செய்த விதத்தை லிவிங்ஸ்டனே எழுதியிருக்கிறார். சால்சோலா என்றொரு செடியை எரித்து, அதன் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்து, அந்தக் காரநீரில் கொழுப்பைப் போட்டுக் காய்ச்ச வேண்டும். செடி கிடைக்காவிட்டால் விறகுச் சாம்பல்தான். அதில் காரம் குறைவு. வடித்த நீரைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊற்றி, ஒரு மாதமோ ஆறு வாரமோ காய்ச்சினால்தான் கொழுப்பு சோப்பாகும். அத்தனை நாளும் விறகு வேண்டும், அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரொட்டிக்கு ஒரு பெரிய புற்றைக் குடைந்து அடுப்பாக்கிக்கொண்டார்கள். கதவுக்குப் பதில் ஒரு கல் பலகை. வெண்ணெயை ஜாடியில் கடைந்தார்கள், மெழுகுவர்த்தியை அச்சில் வார்த்தார்கள்.

ஒரு நாள் எப்படிப் போனது என்றும் அவர் சொல்கிறார். குடும்ப ஜெபமும் காலை உணவும் ஆறிலிருந்து ஏழு மணிக்குள். பிறகு பதினொரு மணி வரை ஆண், பெண், பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளி. அதற்கப்புறம் அவர் கொல்லர் வேலையோ தச்சு வேலையோ தோட்ட வேலையோ செய்வார்; மேரி வீட்டு வேலையைப் பார்ப்பார். மதியச் சாப்பாடு, ஒரு மணி நேர ஓய்வு, பிறகு மேரிக்குச் சின்னப் பிள்ளைகளின் பள்ளி, இல்லையென்றால் தையல் வகுப்பு. அந்த ஆண்டுகளில் மேரிக்கு வரிசையாகப் பிள்ளைப்பேறு வேறு. ஊழியம் என்று நாம் அவருடைய கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மேரி குருமானில் வளர்ந்தவர். அங்கே மிஷனரியாக இருந்த ராபர்ட் மொஃபட்டின் மகள். அம்மாவின் பெயரும் மேரிதான். இந்த அம்மா 1820களில் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதம் ஒன்று, தரையைச் சாணம் போட்டு மெழுகுவதைப் பற்றிச் சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லா அறைகளையும் மெழுகுவார்களாம். வந்த புதிதில் அசுத்தமான வழக்கமென்று முகம் சுளித்தவர், கொஞ்ச நாளிலேயே சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி ஒழிகிறது, தரை பார்க்கவும் நன்றாக இருக்கிறது. கற்றுக்கொடுக்கப் போனவர் முதலில் அங்கே கற்றுக்கொண்ட பாடம் இது. இதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எல்லாம் இப்படிச் சுமுகமாகப் போகவில்லை. மொஃபட் தொழிலால் தோட்டக்காரர். காய்கறி போட வேண்டுமென்று குருமான் ஆற்றிலிருந்து சில மைல் தூரத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். அது ட்ஸ்வானா பெண்களின் தோட்டங்கள் வழியாகப் போனது. அங்கே பயிர் செய்வது பெண்கள்தான், மாடுகள் ஆண்களுடையவை. தண்ணீர் பாய்ந்தால் பயிர் எப்படி வளர்கிறது என்று பார்த்த பெண்கள் வாய்க்காலை உடைத்துத் தங்கள் தோட்டத்துக்கு மடை திருப்பிக்கொண்டார்கள். மிஷன் வீட்டில் சமையலுக்கே தண்ணீர் இல்லாமல் போன நாட்கள் உண்டு. மொஃபட்டும் சக மிஷனரி ராபர்ட் ஹாமில்டனும் முறை வைத்து, மூன்று மணி வெயிலில் மண்வெட்டியோடு மூன்று மைல் நடந்து ஒவ்வொரு மடையாக அடைத்துவிட்டு வருவார்கள். தலைவர்களிடம் முறையிட்டும் பயனில்லை. ஒரு கட்டத்தில் பெண்கள் அணையையே இடித்துவிட்டார்கள். அவர்கள் நிலம், அவர்கள் ஆறு. நான் அந்தப் பெண்கள் பக்கம்தான்.

ஆனால் அதே வாய்க்காலும் அதன் பின்னால் வந்த கலப்பையும் அங்கே வீட்டுக்குள் யார் எந்த வேலை செய்வது என்பதையே மாற்றின. கலப்பைக்கு மாடு வேண்டும். மாட்டைப் பெண்கள் தொடக் கூடாது என்பது வழக்கம். ஆகவே கொத்திப் பயிரிட்ட பெண்களின் வயலுக்குள் ஆண்கள் வந்தார்கள். உடம்பில் பூசிக்கொண்டிருந்த கொழுப்பு மெழுகுவர்த்தியானது. 1829க்குப் பிறகு ட்ஸ்வானா வீட்டுச் சுவர்களில் மெழுகுவர்த்திகள் கொத்துக்கொத்தாகத் தொங்கியதை மொஃபட் பெருமையோடு எழுதுகிறார். ஒரு பிரசங்கம் தொட முடியாத இடங்களை இந்தச் சாமான்கள் தொட்டன.

இடைஞ்சல் என்றீர்களே, அது ஓரளவு சரி. வேலைகளுக்கு நடுவே ட்ஸ்வானா மொழி படிய மாட்டேன் என்றதால்தான் 1827இல் மொஃபட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ட்ஸ்வானாக்களில் ஒரு பிரிவினரான பரோலாங் மக்களிடம் போய்ச் சில வாரங்கள் தங்கினார். அங்கே பிடித்துக்கொண்ட பேச்சுதான் பின்னால் அவருடைய ட்ஸ்வானா வேதாகம மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்தது. 1831இல் அச்சு இயந்திரம் வந்தது. 1857இல் பழைய ஏற்பாடும் முடிந்தது. அவர் பரோலாங் மக்களோடு தங்கியிருந்த வாரங்களில் குருமானில் அடுப்பும் பிள்ளைகளும் அவர் மனைவி மேரியின் பொறுப்பில் இருந்தன.

நீங்கள் தேடுவது வாழ்க்கை வரலாறுகளில் அதிகம் அகப்படாது. சங்கத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் இன்னும் குறைவு. மனைவிமார் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படியுங்கள். மேரி மொஃபட்டின் கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றிலும் ஒரு குறை உண்டு. சாணம் மெழுகிய, தண்ணீர் சுமந்த, குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ட்ஸ்வானா பெண்கள் பலரின் பெயர் அங்கும் இருக்காது.