'கிக் த பக்கெட்' என்றால் காலமானாரா, மண்டையைப் போட்டாரா?

வாசகர் கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்து, இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதும் வேலையில் இருக்கிறேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிறேன். ஆங்கில மரபுத்தொடர்கள் முந்நூறைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்திருக்கிறேன். மாதிரித் தேர்வில் மார்க் வருகிறது, வேலையில் திட்டு வருகிறது. ஒரு வாடிக்கையாளரின் தந்தை இறந்ததற்கு ஆறுதல் எழுதும்போது 'கிக்ட் த பக்கெட்' என்று போட்டுவிட்டேன். அனுப்புவதற்கு முன் டீம் லீடர் பார்த்துத் தடுத்தார். அகராதியில் 'இறத்தல்' என்றுதானே இருக்கிறது? எப்படித்தான் படிப்பது?

பதில்: நீங்கள் படித்த முந்நூறும் வீணில்லை. ஆனால் உங்கள் நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலத் தொடரும் வலப்பக்கம் ஒற்றைச் சொல்லில் தமிழும் இருக்கும். சிக்கல் அந்த வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

இதைத் திருப்பிப் பாருங்கள். தமிழ் கற்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'மண்டையைப் போடுதல் – இறத்தல்' என்று உருப்போட்டுக்கொண்டு துக்க வீட்டுக்கு வருகிறார். "உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே, வருந்துகிறேன்" என்கிறார். பொருள் சரி, இலக்கணமும் சரி. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா? 'கிக் த பக்கெட்' மண்டையைப் போடுவதற்கு அச்சு அசல் ஜோடி. வேண்டாதவரைப் பற்றியோ, விளையாட்டாகத் தன்னைப் பற்றியோ, ஓடி ஓடி நின்றுபோன பழைய இயந்திரத்தைப் பற்றியோ சொல்வது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் வரும் 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்' வரிசைக்கு அங்கே 'பாஸ்ட் அவே'. ஆறுதல் கடிதத்தில் அதுகூட வேண்டியதில்லை. 'ஐ வாஸ் வெரி ஸாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்' என்று சாவைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வரியில் வேலையை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். இரண்டே வரி, மரபுத்தொடர் ஒன்றும் இல்லாமல்.

ஆகவே நோட்டில் பொருள் எழுதுகிற இடத்தில் சூழலை எழுதுங்கள்: யார், யாரிடம், எதைப் பற்றி, எந்த மனநிலையில். பக்கத்தில் நெருக்கமான தமிழ் வழக்கு ஒன்று. அந்த ஜோடி எங்கே பிசகுகிறது என்று ஒரு குறிப்பு. பாதி உழைப்பு இந்தப் பிசகைக் கண்டுபிடிப்பதில்தான் போக வேண்டும். டெல்டாக்காரர் இதைப் பழகத் தண்ணீரைவிட நல்ல களம் கிடையாது.

ஒருவர் தங்குதடையில்லாமல் பேசினால் மடை திறந்த வெள்ளம்போல் பேசினார் என்கிறோம். அது பாராட்டு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று நாள் எண்ணுகிற ஊரில் மடை திறப்பது நல்ல சேதிதானே. ஆங்கிலத்து 'ஓபன் த ஃப்ளட்கேட்ஸ்' பெரும்பாலும் எச்சரிக்கை. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் பின்னாலேயே நூறு வந்து விழும், புகாரோ வழக்கோ ஏதோ ஒன்று. 'இஃப் வீ ரீஃபண்ட் ஒன் கஸ்டமர், இட் வில் ஓபன் த ஃப்ளட்கேட்ஸ்' என்பது மேலாளர் வாயில் வரும் வாக்கியம். அடக்கி வைத்த அழுகை உடைந்தாலும் 'த ஃப்ளட்கேட்ஸ் ஓபன்ட்' என்பார்கள். நல்ல மேடைப் பேச்சைப் புகழ இதை எடுத்தீர்களானால், பேச்சாளர் எந்த வம்பை இழுத்துவிட்டார் என்று கேட்பவர் யோசிப்பார்.

'வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்' என்றதும் வெள்ளம் வந்தபின் அணை போடுவது நினைவுக்கு வரும். அது இல்லை. பழைய மனத்தாங்கலை இனிக் கிளற வேண்டாம் என்று விடுவது இது. 'போனது போகட்டும்' சரியான ஜோடி. இதிலும் யார் சொல்கிறார் என்பது முக்கியம். பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையாகச் சொன்னால் அழகு, தப்புச் செய்தவர் முந்திக்கொண்டு சொன்னால் திமிர். சரக்கு பத்து நாள் தாமதமாகி வாடிக்கையாளர் கொதித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் அப்படி எழுதுவது எரிகிற நெருப்பில் எண்ணெய். வெள்ளத்துக்குப் பின் போடும் அணைக்கு ஆங்கிலத்தில் தண்ணீரே கிடையாது, குதிரைதான்: குதிரை ஓடிப்போனபின் லாயத்தைப் பூட்டுவது, 'க்ளோஸிங் த ஸ்டேபிள் டோர் ஆஃப்டர் த ஹார்ஸ் ஹேஸ் போல்ட்டட்'.

'டெஸ்ட் த வாட்டர்ஸ்' நம் ஆழம் பார்ப்பதுதான். 'ஸ்விம் அகெய்ன்ஸ்ட் த டைட்' எதிர்நீச்சல். இரண்டையும் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலை 'எ ஃபுட் இன் போத் கேம்ப்ஸ்' என்று பொருத்தாதீர்கள். நமக்கு அது எதிலும் ஊன்றாத தடுமாற்றம். அவர்களுக்கு இரண்டு அணியிலும் ஆள் இருப்பது, சாமர்த்தியமாகக்கூட இருக்கலாம்.

உடம்பை வைத்து வரும் தொடர்களில் பிசகு இன்னும் நைச்சியமாக ஒளிந்திருக்கும். 'புல்லிங் மை லெக்' என்றால் என்னைக் கலாய்க்கிறான். தமிழில் 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்து நட்டாற்றில் விட்டான். பேச்சுவழக்கில் கிண்டலுக்கும் 'காலை வாருறியா' என்பது உண்டு, குழப்பமே அதனால்தான். கூட்டாளி ஏமாற்றியதைச் சொல்ல 'புல்லிங் மை லெக்' என்ற தொடரை எடுத்தால் கேட்பவர் சிரிப்பார். 'பிக் மவுத்' வாய் நீளம் அல்ல, ஓட்டைவாய், ரகசியம் தங்காது. வாய் நீளத்துக்கு 'ஆன்ஸர்ஸ் பேக்' போதும். 'பட்டர்ஃப்ளைஸ் இன் த ஸ்டமக்' மேடையேறும் முன் வரும் படபடப்பு. வயிற்றில் புளியைக் கரைப்பது அதைவிடப் பெரிய பயம். நேர்முகத் தேர்வுக்குப் பட்டாம்பூச்சி சரி, ஆடிட்டில் கணக்கு இடிக்கும்போது அது போதாது. 'வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' நம் கைகழுவுதலோடு நன்றாகவே ஒட்டும். தலைமுழுகுவது அதற்கும் ஒரு படி மேல். அந்தக் கோபம் ஆங்கிலத் தொடரில் இல்லை.

இலக்கணத்துக்கு வருவோம். மரபுத்தொடர் வார்த்த அச்சு. எந்த மூலையை நிமிண்டலாம், எதைத் தொடக்கூடாது என்று தொடருக்குத் தொடர் மாறும். காலம் மாறலாம்: கிக், கிக்ட். செயப்பாட்டு வினை ஆகாது. 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவுதான். 'மண்டை போடப்பட்டது' என்று நாம் சொல்வோமா? ஆனால் ரகசியத்தைக் கொட்டும் 'ஸ்பில் த பீன்ஸ்' வளைந்து கொடுக்கும். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' செல்லுபடியாகும். கிண்டலுக்கு எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒருவருடைய ஒரு கால்தான்: லெக், லெக்ஸ் அல்ல. தமிழில் எ, த போன்ற ஆர்ட்டிகிள்கள் இல்லாததால் நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கே. தயக்கத்தை உடைத்துப் பேச்சைத் தொடங்கும் 'பிரேக் த ஐஸ்' என்பதில் 'த' போனால் தொடரே உடைந்துவிடும். ரொம்பச் சுலபம் என்கிற 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்' என்பதில் 'எ' கட்டாயம். தொடரைத் தனியாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதச் சொல்வது இதற்காகவே.

அலுவலகத்தில் தினம் காதில் விழுபவை சொற்பம். 'கால் இட் எ டே' என்றால் இன்றைக்குக் கடையைக் கட்டுவோம். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. 'கீப் மீ இன் த லூப்' என்றால் நடப்பதை எனக்கும் தெரியப்படுத்து. அடுத்த மின்னஞ்சலில் அவரை சிசி-யில் போடுங்கள். 'இன் த பைப்லைன்' என்றால் வேலை நடக்கிறது, வந்துகொண்டிருக்கிறது. வயலுக்கு அடியில் குழாய் போன டெல்டாக்காரருக்கு வேறு நினைவு வந்தால் குற்றமில்லை. 'கட் கார்னர்ஸ்' குற்றச்சாட்டு: காசையோ நேரத்தையோ மிச்சம்பிடிக்க வேலையை அரைகுறையாக முடிப்பது. நேரத்தைச் சேமித்தேன் என்று பெருமையாக எழுத இதைத் தொடாதீர்கள். 'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' டென்னிஸிலிருந்து வந்தது, அடுத்த அடி உன்னுடையது. கொஞ்சம் கறாரானது; வாடிக்கையாளருக்கு எழுத வேண்டாம், அவர் எழுதினால் உடனே வேலையைப் பாருங்கள். 'டேபிள்' என்ற வினையில் மட்டும் எதிரில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஒன்றை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுக்கிறார்கள், அமெரிக்காவில் ஒத்திப்போடுகிறார்கள். நம் சட்டமன்றச் செய்திகளில் வருவது இங்கிலாந்து வழக்கு.

இங்கே பிறந்து இங்கேயே புழங்கும் தொடர்களை ஒருமுறை சலித்துவிடுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2021' என்று நீங்கள் எழுதினால் படிப்பை முடித்தது நமக்குப் புரியும். அங்கே மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'டு த நீட்ஃபுல்' இங்கிலாந்தில் பழம்புத்தக வாசனை அடிக்கும். என்ன செய்ய வேண்டுமோ அதையே சொல்லிக் கேளுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வேண்டாம், 'அவே' போதும்.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையைப் பற்றி எழுத ஆசையாகவும் இருக்கும். இன்றைய பேச்சில் அதை அதிகம் கேட்க முடியாது. 'இட்ஸ் போரிங் டவுன்' என்பார்கள். 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்' கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாஸில் வட இங்கிலாந்தில் ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம், நமக்கு நெய்வேலி மாதிரி. தேர்வுக்குத் தெரிந்தால் போதும், பேச்சுக்கு வேண்டாம். அத்தி பூத்தாற்போல் என்பதற்கு 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ப்ளூ மூன் என்பார்கள், 19 ஆண்டுக்கு ஏறக்குறைய 7 முறை வரும். அத்திப்பூ காய்க்குள்ளேயே பூத்து முடிந்துவிடுவதால் கண்ணுக்கே படாது. அந்த வகையில் நம்முடையது ஒரு பிடி கூடுதல்.

இனி நோட்டு. முந்நூறையும் மறுபடி எழுத வேண்டாம். இரண்டாகப் பிரியுங்கள்: கேட்டால் புரிய வேண்டியவை, நானே சொல்லப் போகிறவை. இரண்டாவதில் வாரம் ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். வாடிக்கையாளர் மின்னஞ்சலிலோ செய்தியிலோ ஒரே தொடரை மூன்று தடவை கண்ட பிறகே அங்கே ஏற்றுங்கள்; கையேட்டில் பார்த்தது கணக்கில் வராது. எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை திருப்புங்கள். திருப்பும்போது ஆங்கிலத்தை மூடித் தமிழ்ச் சொல்லைப் பார்த்து ஒப்பிக்காமல், சூழலைப் படித்துத் தொடரைச் சொல்லிப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். பொருளுக்கு முன் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைத் தேடுங்கள். 'இன்ஃபார்மல்' என்றிருந்தால் நண்பரோடு நிறுத்துங்கள். 'ஓல்ட்-ஃபேஷன்ட்' என்றால் முதல் பட்டியலோடு சரி. 'டிஸ்அப்ரூவிங்' என்றால் உள்ளே ஒரு திட்டு இருக்கிறது. கிக் த பக்கெட்டை அங்கே பார்த்திருந்தால் அந்த மின்னஞ்சல் எழுதப்பட்டே இருக்காது.

தேர்வுக்கு வேறு கணக்கு. எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல்கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். மரபுத்தொடர்க் கேள்வியில் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் விடை ஒன்று பெரும்பாலும் பொறியாக வைக்கப்பட்டிருக்கும், முதலில் அதை அடியுங்கள். 'அட் த இலெவன்த் ஹவர்' என்றால் 11 மணி இல்லை. மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் பொழுது சாயும் நேரத்தில்கூடக் கூலியாட்களை அழைத்து, காலையில் வந்தவர்களுக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுக்கிறார். விடிந்ததிலிருந்து எண்ணினால் பதினோராம் மணி மாலை ஐந்து, நம் நடவு ஆட்கள் எப்போதோ கரையேறி வீட்டுக்குப் போயிருக்கும் நேரம். விடை: கடைசி நேரத்தில். 'வொயிட் எலிஃபன்ட்' வந்தால், யானையைக் கட்டித் தீனி போடுவதை நினைத்துக்கொண்டு, வைத்திருக்கச் செலவு அதிகமாகவும் பலன் குறைவாகவும் உள்ள சொத்து என்ற விடையைத் தேர்ந்தெடுங்கள். அரிய பொருள் என்றும் ஒரு விடை இருக்கும், அதைத் தொடாதீர்கள்.