பக்கத்து வீட்டு லைபீரியர்கள் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், போகலாமா? – மினசோட்டாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

புரூக்ளின் பார்க்கில் குடியேறிச் சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த வீட்டினர் லைபீரியர்கள். ஊருக்கு டிரம் டிரம்மாகச் சாமான் அனுப்புகிறார்கள், அங்கே பள்ளிக்கூடம் கட்டப் பணம் திரட்டுகிறார்கள். அதே ஆட்கள் குடியேற்றச் சட்டத்துக்காக எம்.பி. அலுவலகத்துக்கும் போகிறார்கள். என்னையும் அழைக்கிறார்கள். எச்-1பி விசாவில் இருக்கும் நான் போகலாமா? இங்கேயே நிலை உறுதியாகாதவர்கள் ஊருக்காக ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்கள்?"

தம்பி, தாராளமாகப் போகலாம். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. முதலில் இங்கே காலூன்றிவிட்டு அப்புறம் ஊரைப் பார்க்கலாம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். லைபீரியர்கள் அப்படிக் காத்திருந்தால் ஒரு தலைமுறையே போயிருக்கும்.

1989 டிசம்பர் 24 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவின் நிம்பா மாவட்டத்தில் தொடங்கிய உள்நாட்டுப் போர், இடையில் சற்று ஓய்ந்தாலும் 2003 வரை அந்த நாட்டை அழித்தது. தப்பி இங்கே வந்தவர்களுக்கு 1991இல் அமெரிக்கா தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தது. 1999இல் அது முடிந்து, நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் அதிபர் ஆணை வந்தது. பிறகு மறுபடியும் பாதுகாப்பு, மறுபடியும் தள்ளிவைப்பு. இரண்டுமே கிரீன் கார்டுக்கு வழி திறப்பவை அல்ல. வேலை அனுமதி அட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பட்டம் பெற வைத்தார்கள், இந்த மாநிலத்தின் முதியோர் இல்லங்களில் இரவுப் பணி பார்த்தார்கள். 2018 மார்ச்சில் டிரம்ப் அரசு, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தது. கெடு 2019 மார்ச் 31. அதற்கு மூன்று நாள் முன்புதான் மேலும் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு குழுவோடு காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்த அம்மையார் ஒருவர் சீருடையை மாற்றாமலேயே வந்திருந்தார். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, காலாவதியான தன் வேலை அனுமதி அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். முதல் அட்டையின் புகைப்படத்தில் அவர் இளம்பெண், கடைசி அட்டையில் நரைத்த தலை. அலுவலக உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் புள்ளிவிவரம் சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

2019 டிசம்பர் 20 அன்று, பாதுகாப்புத் துறைக்கான ஆண்டு அங்கீகார மசோதாவோடு சேர்ந்து லைபீரிய அகதிகளுக்கான குடியேற்ற நியாயச் சட்டம் நிறைவேறியது. 2014 நவம்பர் 20 முதல் இங்கே தொடர்ந்து வசிக்கும் லைபீரியர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்கலாம் என்றது சட்டம். ரோட் ஐலண்டின் செனட்டர் ஜாக் ரீட் பல ஆண்டுகள் விடாமல் இதற்காக மசோதா கொண்டுவந்தார். அவரை விடாமல் பிடித்துவைத்திருந்தவர்கள் பிராவிடென்ஸிலும் இங்கேயும் இருந்த லைபீரியச் சங்கங்கள்.

அந்தச் சங்கங்களுக்கு வேலை செய்யும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஊருக்குச் செய்த வேலையிலிருந்துதான். நிம்பாக்காரர்களுக்கு ஒன்று, லோஃபாக்காரர்களுக்கு ஒன்று என மாவட்டவாரியாகச் சங்கம் உண்டு. 'சுசு' என்ற பெயரில் நம் சீட்டைப் போலவே மாதப் பணம் சுற்றுகிறது. யாரிடம் கணக்கு நேர்மையாக இருக்கும், யார் அழைத்தால் நாற்பது பேர் வருவார்கள் என்பதெல்லாம் அங்கே முன்பே தெரிந்த விஷயம். 2014இல் எபோலா பரவி லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் இறந்தபோது, இந்த வட்டாரத்தின் தேவாலயக் கூடங்களில் கையுறையும் கிருமிநாசினியும் பெட்டி பெட்டியாகக் குவிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொலைபேசிப் பட்டியல்தான் பின்னாளில் சட்டத்துக்காக ஆள் திரட்டவும் பயன்பட்டது. சட்டம் வந்த பிறகு லைபீரியர் என்று நிரூபிக்க ஆவணம் தேவைப்பட்டது. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்துக்கு, ஊரில் எந்தத் தேவாலயத்துக்குக் கூரை போட அவர்கள் பணம் கொடுத்தார்களோ அதன் பாதிரியார்தான் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினார்.

அந்த டிரம்களையும் ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். காலணிக்குள் சோப்பைத் திணித்து, சட்டைகளைச் சுருட்டி இடுக்குகளில் அடைத்து, மேலே நோட்டுப் புத்தகங்களைப் பரப்பி, இரும்பு வளையத்தால் மூடியை இறுக்குவார்கள். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வாங்கிக்கொள்பவரின் பெயரும் எண்ணும் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருக்கும். இதனால் நாடு வளர்ந்துவிடுமா என்றால், இல்லை. பெயர்ப்பலகையோடு எழும் கட்டடங்களைவிட, மாதம் தவறாமல் போகும் பள்ளிக் கட்டணம் அதிகம் சாதிக்கிறது என்பது என் எண்ணம். கட்டடம் எழும்பியும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லாத கதைகளை அவர்களே வருத்தத்தோடு சொல்வார்கள்.

ஊரும் இவர்களை எப்போதும் கைநீட்டி வரவேற்கவில்லை. லைபீரியாவில் குடிமக்கள் மட்டுமே நிலம் வைத்துக்கொள்ள முடியும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் அந்த நாட்டுக் குடியுரிமை போய்விடும் என்பது பழைய சட்டம். அதனால் இங்கே முழு உரிமை பெற்றால் தாத்தா நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சியவர்கள் பலர். 2020 டிசம்பர் பொது வாக்கெடுப்பில் இரட்டைக் குடியுரிமைக்குத் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் வெளியே இருந்தவர்கள் இப்போது வந்து பதவியைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற சந்தேகம் ஊரில் இருந்தது. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2022இல் அதிபர் ஜார்ஜ் வியா கையெழுத்திட்ட சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. சில உயர் பதவிகள் மட்டும் அவர்களுக்குக் கிடையாது. நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

இனி உங்கள் விஷயம். சங்கக் கூட்டத்துக்குப் போவதிலும், சம்பளம் வாங்காமல் தொண்டு செய்வதிலும், எம்.பி. அலுவலகத்தில் பேசுவதிலும் எச்-1பிக்குத் தடை இல்லை. ஆனால் தேர்தல் பிரச்சாரத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே கொடுக்கலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறியாமல் பதிந்தாலும் பின்னால் பெரும் தொல்லை. கைது நடக்கக்கூடிய போராட்டங்களை இப்போதைக்குத் தவிருங்கள், சந்தேகம் வந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதை வங்கிக் கணக்கு வழியாகவே செய்யுங்கள். 2026 ஜனவரி 1 முதல் ரொக்கமாகக் கட்டி அனுப்பும் பணத்துக்கு 1 விழுக்காடு வரி இருக்கிறது.

அலுவலகச் சந்திப்புக்கு அவர்களோடு போகும் நாளில் நம் பிரச்சினையையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடுதான் என்ற வரம்பால் இந்தியர்கள் பத்து, இருபது ஆண்டுகள் வரிசையில் நிற்பது அங்கே பலருக்குத் தெரியாது. என்னோடு வந்த லைபீரிய நண்பர்களே கேட்டு வியந்தார்கள், அடுத்த முறை அவர்களே அதை எடுத்துப் பேசினார்கள். தாளின் மேலே உங்கள் வீட்டு முகவரியை மறக்காமல் எழுதுங்கள். அந்தத் தொகுதியில் வசிப்பவரா என்றுதான் உதவியாளர்கள் முதலில் பார்ப்பார்கள்.