டாம்பர் வைத்த கட்டடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: டாம்பர் (நிலநடுக்கத்தில் கட்டடத்தின் ஆட்டத்தைத் தணிக்கும் கருவி) வைத்தால் தூண், பீம் அளவைக் குறைத்துவிடலாமா?

பதில்: ஓரளவுதான். கான்கிரீட் கட்டடத்துக்கு 5% தணிப்பு (ஆட்டத்தைத் தானே அடக்கும் திறன்) உண்டு என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்கிடுகிறோம். டாம்பரால் அதை 20% ஆக்கினால், அமெரிக்கக் கட்டட விதியான ஏ.எஸ்.சி.இ. 7-ன்படி அதிர்வை வகுக்கும் எண் 1.5, அதிர்வு மூன்றில் இரண்டு பங்காகிறது. 30% வரை போனாலும் 1.8தான். அதற்கு மேல் டாம்பர்களை அடுக்குவது வீண் செலவு.

கேள்வி: சார், எண்ணெய் டாம்பரின் விசை தூணுக்குக் கூடுதல் சுமை ஆகாதா?

பதில்: கட்டடம் ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து நிற்கும் நொடியில் வேகம் பூஜ்யம், டாம்பர் விசையும் பூஜ்யம். நடுவில் கடக்கும்போதுதான் அது உச்சம். அதனால் சாய்வால் தூணில் வரும் உச்சத்தையும் டாம்பர் விசையின் உச்சத்தையும் அப்படியே கூட்டக் கூடாது. ஆனால் இந்தச் சலுகையை நம்பி அசந்துவிட வேண்டாம். விசை = C × வேகத்தின் α அடுக்கு (C, α இரண்டும் அந்தந்த டாம்பருக்கு உரிய எண்கள்). α 1 என்றால் வேகம் பாதியானதும் விசையும் பாதி. α 0.3 என்றால் வேகம் பாதியான பிறகும் விசை 81% நிற்கும். அப்போது இடைப்பட்ட நிலையையும் தூணுக்குச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: மூலைவிட்டத்தில் பொருத்தியிருக்கிறோம். கணினி காட்டிய பலன் நிஜத்தில் வராது என்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் டாம்பரின் முனைகளைக் கோக்கும் முளை (pin) துளையில்தான் கோளாறு. மாடி 8 மி.மீ. நகர்கிறது, பிரேஸ் (டாம்பரைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) 37 டிகிரி சாய்வு என்றால் டாம்பருக்குக் கிடைப்பது 6.4 மி.மீ.; இருபுறமும் சேர்த்து 12.8. ஒவ்வொரு முனையிலும் 1 மி.மீ. லூசு இருந்தால் அதில் 2 மி.மீ. அங்கேயே தொலைந்துவிடும். சிறிய நடுக்கத்தில் பிஸ்டன் அசையவே அசையாது. பிரேஸ் மெலிந்திருந்தாலும் இதே கதி: டாம்பர் ஓடாமல் பிரேஸ்தான் நீளும்.

பொருத்தும்போது பிஸ்டன் நடு ஓட்டத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கஸெட் தகட்டு (டாம்பரைச் சட்டத்தோடு இணைக்கும் தகடு) வெல்டிங்கை முடித்துவிட்டு டாம்பரை ஏற்றுங்கள். சூடு பட்டால் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கெடும். பிஸ்டன் தண்டில் பெயின்ட்டோ சிமென்ட்டோ தெறித்தால், முதல் ஓட்டத்திலேயே சீலைக் கிழித்துவிடும். உறை போட்டு மூடாத தளங்களில் சர்வசாதாரணமாக நடப்பது இது.

கேள்வி: உராய்வு டாம்பரின் (தகடுகள் உரசி வழுக்கி ஆட்டத்தைத் தணிக்கும் வகை) போல்ட்டுகளை ஆண்டுதோறும் முறுக்கிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! வழுக்கும் விசையைத் தீர்மானிப்பதே போல்ட்டின் இழுவிசைதான். அதிகம் முறுக்கினால் வழுக்காது, வெறும் பிரேஸ் ஆகிவிடும். துருவையும் குறியிட்ட நட்டு திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

கேள்வி: தைவானின் தைபே 101 கோபுரத்தில் இருப்பதுபோல் ஒரு குண்டு தொங்கவிட்டால்?

பதில்: அந்த 660 டன் குண்டு முக்கியமாகக் காற்றுக்காக. அது கட்டடம் ஒருமுறை ஆடி வர எடுக்கும் ஒரே ஊசல் காலத்துக்கு இசைத்தது. நிலநடுக்கத்தில் கான்கிரீட் விரிசல் விட்டுக் கட்டடம் இளகும்போது அந்தக் காலம் நீண்டுவிடும், இசைவும் போய்விடும். உங்களுடையது பத்து மாடி என்றால் மாடிக்கு மாடி டாம்பரே சரி.