மஞ்சள் ஓர ஸ்னேக் பிளான்ட்டில் பச்சைக் கன்று வருவது ஏன்

வாள் போல நீண்ட இலை உள்ள தொட்டிச் செடியான ஸ்னேக் பிளான்ட்டின் இலையைத் துண்டு போட்டு நட்டதில் பாதி அழுகிவிட்டது, பிழைத்த துண்டில் வந்த கன்றும் மஞ்சள் ஓரம் இல்லாமல் முழுப் பச்சையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் போனதற்கு நீங்கள் காரணமில்லை. அந்த மஞ்சள் ஓரமும் நடுப் பச்சையும் மரபணுவில் வேறுபட்ட இரண்டு திசுக்கள். இலைத் துண்டில் குருத்து பச்சைத் திசுவிலிருந்து கிளம்புவதால் ஓரம் வராது. உரம் போட்டாலும் வெயிலில் வைத்தாலும் அப்படித்தான்.

மஞ்சள் வேண்டுமானால் பக்கக் கன்றைத்தான் பிரிக்க வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துப் பாருங்கள். தாய்ச்செடிக்கும் கன்றுக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு கிழங்குத்தண்டு ஓடும். கன்றுக்குச் சொந்த வேர் வந்திருந்தால் சுத்தமான கத்தியால் அந்தத் தண்டை வெட்டுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள், அவசரம் வேண்டாம்.

அழுகலுக்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். வெட்டுவாயை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்த மண்ணில் நடுங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். அப்புறம், அந்தப் பச்சைக் கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். வெளிச்சம் குறைந்த மூலையில்கூட நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.